கடைசியில் ஏறிய மூன்று

தோணிச்சாமியின் விலை பன்னிரண்டாயிரம் வெள்ளி என்று பிற்பகல் மூன்று மணிக்கு முடிவானது. மூன்றேகாலுக்கு மலை ஒரு முறை அசைந்தது. மூன்றரைக்கு விலை மாறிவிட்டது.

விலை மாறுவது திருச்செல்வத்துக்குப் புதிதல்ல. பிரிஞ்சாங் மலை ஊரில் பழைய சாமான் கடை வைத்திருப்பவன். துரைமார் விட்டுப்போன கடிகாரம், கண்ணாடி மேசை, காது உடைந்த தேநீர்க் கோப்பை என்று பங்களா பங்களாவாகப் பொறுக்கி, ஓட்டல்காரர்களுக்குத் தள்ளிவிடுகிறவன். வேண்டிய பொருளை முதல் அரைமணி நேரம் ஏறெடுத்தும் பார்க்கக் கூடாது என்பது அவன் அப்பா கற்றுக்கொடுத்த பாடம். அதன்படி அன்று தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான மேல் லயத்துக்குள் லோரியை விட்டிறங்கியதும் கோழிக் கூண்டைப் பார்த்தான், தகரக் கூரையைப் பார்த்தான், மூன்று நாளாக விடாமல் பெய்யும் மழையைப் பார்த்தான். எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகுதான் கோயிலுக்குள் நுழைந்தான். நுழைந்தவன் சாமியின் முகத்தை விட்டுவிட்டு முதுகைத் தடவினான்.

“என்னா லா முதலாளி, சாமிக்கு முதுகு வலியா?” என்று கேட்டாள் அம்சவல்லி. கொழுந்து வெட்டுவதில் முப்பது வருடம் போனவள். அந்தக் கோயிலுக்குப் பூசாரி, தர்மகர்த்தா, காவல்காரி எல்லாம் அவள்தான்.

“கரையான் இருக்கான்னு பாக்குறேன்கா.”

“ஏழு வருசம் கடல்ல கெடந்தவரு. கரையான் கிட்ட வராது.”

“ஏழு வருசம் உப்புத் தண்ணில ஊறியிருந்தா அதுக்கும் கொறைக்கணுமே.”

சாமி என்பது ஆறடி நீளம், இரண்டடி அகலத்தில் ஒரு மெரந்தி மரப் பலகை. அதில் ஒரு தோணி. தோணிக்குள் பதினெட்டுத் துறவிகளின் தலைகள். நடுவில் கையில் மணியோடு தாடிக்காரர் ஒருவர். தோணிக்கு அடியில் மலை போல ஒரு மீன். எழுபது வருடத்துக்கு முன்னால் இங்கே இருந்த அயர்லாந்துக்காரச் சின்னதுரை, ரிங்லெட்டில் ஒரு சீனத் தச்சரைப் பிடித்துச் செதுக்க வைத்தது. அதனால்தான் துறவிகள் எல்லோருக்கும் இடுங்கிய கண். மீனுக்குக் கெண்டை மாதிரிச் செதிலும் மீசையும். துரை ஊருக்குத் திரும்பும்போது, “இவர் எங்கள் பிரெண்டன் சாமி, வழி தெரியாதவர்களுக்குத் துணை” என்று லயத்தாரிடம் கொடுத்துவிட்டுப் போனார். துணை என்று சொன்னபிறகு சுவரில் மாட்டி வேடிக்கை பார்க்க லயத்தாருக்கு மனம் வரவில்லை. கூரை போட்டார்கள், எண்ணெய் சாத்தினார்கள், தோணிச்சாமி என்று பெயர் வைத்தார்கள். துரை வீட்டுச் சாமி ஆயிற்றே என்று வெள்ளிக்கிழமைதோறும் பாலில்லாத தேநீரும் இரண்டு பிஸ்கட்டும் படைத்தார்கள்.

இப்போது கம்பெனி மேல் லயத்தை மூடப்போகிறது. கீழே புதுக் குடியிருப்பில் முருகன் கோயில் இருக்கிறது. கோயிலுக்கு ஒரு கமிட்டியும் இருக்கிறது. பிஸ்கட் தின்னும் சாமிக்கு இங்கே இடமில்லை என்று கமிட்டி கையை விரித்துவிட்டது. பினாங்கில் ஒரு பேராசிரியர் இதைத் தேடிக்கொண்டிருப்பதைத் திருச்செல்வம் சொல்லவில்லை. பதினெட்டுத் தலையும் முழுசாக இருந்தால்தான் வாங்குவேன் என்று அவர் சொன்னதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு, தலைகளை விரலால் தொட்டு எண்ணினான். பதினெட்டும் இருந்தன.

“பலக வளைஞ்சிருக்குக்கா. பாருங்க, தலமாடு எப்படித் தூக்கிட்டு நிக்கிது. வளைஞ்ச மரத்த யாரு வாங்குவா?”

“துரை வீட்டு அடுப்புக்குப் பக்கத்துல அத்தன வருசம் நின்னா நீங்களும் வளைவீங்க. இவரு கதை தெரியுமா ஒங்களுக்கு?” அம்சவல்லி விலையை ஏற்றக் கதையை எடுத்தாள். “மாட்டுத் தோல்ல தோணி கட்டுனாரு. பதினாலு சீடப்புள்ளங்கள ஏத்திட்டுப் பொறப்புட்டாரு. சொர்க்கத்தீவு தேடி. துடுப்ப உள்ள எடுத்து வச்சிட்டு, கடவுளு விட்ட வழின்னு போனாரு. நடுக்கடல்ல ஒரு தீவு. புல்லு இல்ல, மரம் இல்ல. எறங்கி அடுப்பு மூட்டி ஒல வச்சாங்க. ஒல கொதிக்கிது, தீவு ஆடுது. பாத்தா தீவு இல்ல லா, மீனு! விழுந்தடிச்சு ஓடியாந்து தோணில ஏறுனாங்க. சாமி மட்டும் ஏறாம ஒக்காந்திருந்தாரு, அவருக்கு முன்னாடியே தெரியும்.”

“தெரிஞ்சவரு சொல்லிருக்கலாமே?”

“சொன்னா ஒல வைப்பாங்களா? பசி.” வெளியே மழையைப் பார்த்தாள். “நாங்க மட்டும் என்ன, மீன் முதுகுலதான் அடுப்பு வச்சிருக்கோம்.”

பன்னிரண்டாயிரத்துக்கு அவள் தலையாட்டிய கொஞ்ச நேரத்தில் தட்டிலிருந்த எலுமிச்சம்பழம் தானாக உருண்டு கீழே விழுந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். பழம் தரையில் நிற்கவில்லை. கோயிலின் பின்பக்கச் சுவர் வரை உருண்டு போய், அங்கே தரையில் காலையில் இல்லாத ஒரு வெடிப்பில் சிக்கி நின்றது.

பிறகுதான் சத்தம் வந்தது. எங்கோ உயரத்தில் ஒரு லோரி சரளைக் கல்லை மெதுவாகக் கொட்டுவது போல. கொட்டி முடிந்து, இன்னொரு லோரி.

சாம்பசிவம் கிராணி குடையில்லாமல் ஓடிவந்தார். தோட்டக் கணக்கர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று நாலு வருடம் ஆனாலும் கிராணி என்ற பெயரும், காலையில் வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டில் பெயர் கூப்பிடும் புத்தகமும் அவரை விட்டுப் போகவில்லை. புத்தகம் அப்போதும் பிளாஸ்டிக் பையில் கக்கத்தில் இருந்தது.

“மேல ஓட காஞ்சு போச்சு” என்றார். மூன்று நாள் மழையில் ஓடை காய்ந்தால் என்ன அர்த்தம் என்று மலையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மேலே எங்கோ தண்ணீர் தேங்கிக்கொண்டிருக்கிறது. “போம்பாவுக்குப் போன் போட்டேன். ரிங்லெட் ரோட்டுல ரெண்டு எடத்துல மண்ணு விழுந்து கெடக்காம். தீயணைப்பு வண்டி வர ஒன்றர மணி நேரம் ஆவும்ங்கிறான். கம்பெனி லோரியும் அந்தப் பக்கம் மாட்டிக்கிச்சு.”

மூன்று பேரும் திருச்செல்வத்தின் மூன்று டன் லோரியைப் பார்த்தார்கள். மூவரில் ஒருவன் திருச்செல்வமே.

கேட்டிருந்தால் சும்மாவே ஏற்றியிருப்பான். ஆனால் அதைச் சொல்ல அவன் வாய் திறப்பதற்குள் அம்சவல்லி விலை சொல்லிவிட்டாள்.

“பன்னெண்டாயிரம் வேணாம் முதலாளி. லயத்துல இருவத்தோரு பேரு. பூராப் பேரையும் கீழ ஃபேக்டரில கொண்டு எறக்குங்க, சாமி ஒங்களுக்கு. ஒரு தல கொறஞ்சாலும் சாமி கெடையாது.”

சொன்ன விலை தனக்குச் சாதகமாக இருக்கும்போது மறுக்கும் வழக்கம் திருச்செல்வத்தின் வம்சத்திலேயே இல்லை. “சரிக்கா” என்றான். முதலில் சாமியைத் தூக்கி லோரிக்குள் வைத்து, கயிற்றால் இறுக்கிக் கட்டினான்.

ஆட்கள் ஏறத் தொடங்கியதும்தான் அந்த லயத்தின் இன்னொரு வழக்கம் தெரிந்தது. அடித்துப் பிடித்துக்கொண்டு ஏறினார்கள். மலைக்குப் பயந்து மட்டுமில்லை. யாருக்கும் கடைசி ஆளாக ஏற விருப்பமில்லை. சாமியின் தோணி புறப்படும் நேரத்தில் மூன்று பேர் கரையிலிருந்து ஓடிவந்து எங்களையும் ஏற்றிக்கொள் என்று கெஞ்சினார்களாம். சாமி ஏற்றிக்கொண்டார். ஆனால் அந்த மூவரும் ஊர் திரும்பவில்லை. ஒருவன் வெள்ளிக் கடிவாளம் திருடிச் செத்தான், ஒருவன் பாட்டுப் பாடும் தீவில் தங்கிவிட்டான், ஒருவனை நெருப்பு மலை இழுத்துக்கொண்டது. அதிலிருந்து லயத்தார் தைப்பூசத்துக்கு ஈப்போ போனாலும் சரி, கலியாணத்துக்குத் தாப்பா போனாலும் சரி, எல்லோரும் ஏறிய பிறகு கடைசியாக மூன்று பூசணிக்காய்களை ஏற்றுவார்கள். திரும்பாமல் போவதென்றால் பூசணி போகட்டும்.

மலை சரளை கொட்டிக்கொண்டிருந்த அந்த நேரத்திலும் அம்சவல்லி தோட்டத்துக்கு ஓடி மூன்று பூசணியைப் பறித்து வந்தாள்.

“அக்கா, உசிரு போற நேரத்துல சாம்பாரா?” என்று கத்தினான் திருச்செல்வம்.

“ஏத்துங்க முதலாளி, வாய மூடிக்கிட்டு.”

ஏற்றினான். ஏற்றும்போதே எண்ணினான். லோரிக்குள் எது போனாலும் எண்ணுவது அவனுக்கு மூச்சு விடுகிற மாதிரி, நிறுத்த முடியாது. அப்பாவின் வழக்கப்படி ஒன்றுக்கு ஒன்று என்று சொல்வதில்லை, லாபம் என்றுதான் தொடங்குவான். லாபம், ரெண்டு, மூணு என்று குழந்தைகளும் பெரியவர்களும் போனார்கள், அம்சவல்லி போனாள், கிராணி முன்னால் ஏறினார். கடைசிப் பூசணிக்கு இருபத்து மூன்று வந்தது.

லயத்திலிருந்து கீழே போகும் ஒற்றைப் பாதை ஓர் ஓடைப் பள்ளத்தைத் தாண்டுகிறது. காய்ந்திருந்த ஓடையில் சிவப்பாய் ஏதோ ஊர்ந்துகொண்டிருந்தது. சிறு பாலத்தின் மேல் லோரி போகும்போது பின் சக்கரம் ஒரு பக்கமாக இறங்கியது. திருச்செல்வம் மிதித்த மிதியில் வண்டி துள்ளி அக்கரை ஏறியது. கொழுந்து நிறுக்கும் கொட்டகை வரை ஓட்டிப்போய் நிறுத்தினான். அங்கே நிலம் கெட்டி.

கிராணி புத்தகத்தைப் பிரித்து, லோரியை மூடியிருந்த தார்ப்பாய்க்குள் இருட்டைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டார். “இருக்கேன்.” “இருக்கேன்.” “புள்ள மடியில தூங்குது கிராணியாரே, இருக்கு.” “தர்மா?” “இருக்கான்!” “வசந்தன்?” “இருக்கேன்.” இருபத்தொரு பெயர், இருபத்தொரு குரல்.

“முழு ஆளு” என்று கிராணி கோடு போட்டார். “சாமி ஒங்களுக்குத்தான்.”

அப்போது பின்னால் ஒரு இரைச்சல் கேட்டது. திரும்பிப் பார்த்தால் பாலம் இருந்த இடத்தில் பாலம் இல்லை. மேலே தேங்கிய தண்ணீர் மண்ணோடு இறங்கிப் பள்ளத்தை நிரப்பியிருந்தது. லோரிக்குள் யாரோ அழத் தொடங்கினார்கள்.

திருச்செல்வம் வண்டியைக் கிளப்பினான். பத்தடி போயிருப்பான்.

இருபத்து மூன்று.

இருபத்தொரு ஆளும் மூன்று பூசணியும் இருபத்து நாலு அல்லவா?

எண்ணியதில் பிசகு, மழை, அவசரம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அவன் அப்பாவின் கடையில் ஆறு வயதிலிருந்து எண்ணுகிறவன். மூட்டையில் பிசகியதில்லை, முட்டையில் பிசகியதில்லை. ஆனால் இன்று பிசகியிருக்கலாமே. கிராணியின் புத்தகத்தில் கணக்கு முழுசாக இருக்கிறது. அதில் கோடும் விழுந்தாயிற்று. சாமி அவன் முதுகுக்குப் பின்னால் கட்டிக் கிடக்கிறது. இந்த மலையில் கணக்கு உதைப்பது தெரிந்தவன் ஒரே ஒருவன். அவன் வாயை மூடிக்கொண்டால் பேரம் முடிந்தது. இன்னும் இருபதடி ஓட்டினான். இவ்வளவு லாபமான ஒரு தப்பு வாழ்க்கையில் அவனுக்கு வாய்த்ததில்லை.

வண்டியை நிறுத்தினான்.

“என்னா?” என்றார் கிராணி.

“ஓராளு கொறையிது.”

“அதெப்படிக் கொறையும்? இப்பத்தானே கூப்பிட்டேன்!”

“நீங்க பேர எண்ணுனீங்க. நான் தலைய எண்ணுனேன்.” இறங்கிப் போய்த் தார்ப்பாயை விலக்கினான். “உண்மையச் சொல்லுங்க. யாராவது யாருக்காவது கொரல் குடுத்தீங்களா?”

 குற்றம் கிராணிக்குத்தான் முதலில் உறைத்தது. பெரட்டுக்கு நேரத்தில் வராதவனுக்கு அரைப்பேர்தான் விழும். அரைக் கூலி போய்விடும். அதனால் வராதவனுக்குக் கூட்டாளி குரல் கொடுப்பான். கிராணிக்கு அது தெரியும். தெரிந்துகொண்டே கோடு போடுவார். அவர் வேலையில் இருந்த இருபது வருடமும் அந்த லயத்தில் யாரும் அரைப்பேர் வாங்காமல் பிழைத்தது அப்படித்தான். அந்த இருபது வருடத்தில் அதிகம் தூங்கியவன் ஃபேக்டரியில் இரவுக் காவல் பார்க்கும் தர்மா. அவனுக்காக அதிகம் கத்தியவன் வசந்தன்.

“வசந்தா” என்றார் கிராணி. 

“வாய் தானா சொல்லிருச்சு கிராணியாரே.” வசந்தனின் முகம் சுண்ணாம்பாகியிருந்தது. “வீட்டுக் கதவத் தட்டுனேன், தொறக்கல. முன்னாடியே ஏறிட்டான்னு நெனச்சேன். நீங்க பேரச் சொன்னதும் வாய் தானா... அய்யோ, அவன் வீட்டுல இல்ல! கூர ஒழுகுதுன்னு கோயிலுக்குப் பின்னால சாமான் ரூம்புல படுக்குறான்!”

அம்சவல்லி தர்மாவின் எண்ணுக்கு அழைத்தாள். வசந்தனின் சட்டைப் பைக்குள் மணி அடித்தது. சார்ஜ் போடத் தர்மா காலையில் கொடுத்த போன்.

லோரியைப் பின்னாலேயே ஓட்டிப் பள்ளத்தின் விளிம்புக்குக் கொண்டுவந்தார்கள். அறுபதடி அகலத்துக்குச் சேறு. அக்கரையில் லயமும், லயத்துக்கு மேலே கோயில் கூரையும், அதற்கு மேலே மழையில் பாதி மறைந்த மலையும். எல்லோரும் தர்மாவின் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். தகரக் கூரையில் மழை விழும்போது அடுத்த கட்டிலில் பேசினாலே கேட்காது.

வசந்தன் யாரையும் கேட்காமல் சேற்றில் இறங்கினான். இரண்டாவது அடியில் இடுப்பு வரை போனான். நாலு பேர் சேர்ந்து இழுத்துப் போட்டார்கள்.

“போம்பா வரட்டும்” என்றார் கிராணி. மேலே சரளை கொட்டியது. இந்த முறை சத்தம் நிற்கவில்லை. இன்னும் ஒரு மணி நேரம் இந்த மலை காத்திருக்காது என்று அவருக்கும் தெரிந்துவிட்டது.

திருச்செல்வம் சேற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். இதை அவன் எங்கோ பார்த்திருக்கிறான். கோலா குராவ் கடற்கரை. கடல் வற்றியதும் மைல் கணக்கில் இதே மாதிரிச் சேறு. அப்பா கரையில் நின்று கிளிஞ்சல் விலை பேசுவார். கிளிஞ்சல் பொறுக்கும் மலாய்க்காரர்கள் ஒரு நீளப் பலகையில் ஒரு முழங்காலை ஊன்றி, மறுகாலால் சேற்றை உந்தி, மீன் மாதிரி வழுக்கிக்கொண்டு வருவார்கள். அப்பா பேரத்தில் மூழ்கியிருக்கும்போது திருச்செல்வம் அந்தப் பலகையில் ஏறி விளையாடி உதை வாங்கியிருக்கிறான். அந்தப் பலகைக்கு ஒரே ஒரு விசேஷம்: முன்பக்கம் சேற்றில் குத்தாமல் மேலே வளைந்திருக்கும்.

மேலே வளைந்திருக்கும்.

லோரியைத் திரும்பிப் பார்த்தான். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் குறை சொல்லி விலை குறைத்த அதே வளைவு.

“சாமிய எறக்குங்க.”

“என்னாத்துக்கு?” என்றாள் அம்சவல்லி.

“அவரு கொஞ்சம் வேல செய்யணும்கா.”

பலகையைச் சேற்றில் கிடத்தினார்கள். அது மூழ்கவில்லை. தோணியும் தலைகளும் வானத்தைப் பார்த்துக் கிடந்தன. கட்டியிருந்த நீளமான லோரிக் கயிற்றைப் பலகையின் வால்பக்கம் முடிந்து, மறுமுனையை வசந்தன் கையில் கொடுத்தான். ஏறக் காலைத் தூக்கிய திருச்செல்வம் நின்றுவிட்டான். சரியாக முழங்கால் படும் இடத்தில் தாடிக்காரரின் மார்பு.

“கால வைடா தம்பி” என்றாள் அம்சவல்லி. அதுவரை அவனை முதலாளி என்று கேலியாகக் கூப்பிட்டவள். “தோணின்னா கால வச்சுத்தான் ஏறணும்.”

வைத்தான்.

அன்றைக்கு அந்தக் கடற்கரையில் அவன் எடை முப்பது கிலோ. இன்றைக்கு எண்பத்திரண்டு. பலகை முனகியது, ஆனால் நகர்ந்தது. இடது முழங்கால் சாமியின் மேல், வலது கால் சேற்றில். உந்து, இழு. உந்து, இழு. ஒவ்வொரு உந்தலுக்கும் சேறு காலைத் திருப்பித் தர மறுத்தது. பேரம் பேசித்தான் மீட்க வேண்டியிருந்தது. பாதி வழியில் செருப்பு போயிற்று. அக்கரையில் புல் கைக்குச் சிக்கியதும் மூச்சு வாங்க ஒரு கணம் படுத்தான். படுத்த தரை அவன் வயிற்றுக்கு அடியில் அதிர்ந்தது. எழுந்து ஓடினான்.

கோயில் தரையின் வெடிப்பு இப்போது ஒரு கை அகலம். சாமான் அறையின் கதவு, நிலை கோணிப்போய்த் திறக்கவில்லை. மூன்றாவது உதையில் பிளந்தது. உள்ளே தலைக்கு மேல் ஒரு தலையணையைக் கவிழ்த்துக்கொண்டு தர்மா தூங்கிக்கொண்டிருந்தான்.

“யாரு?”

“பழைய சாமான் வாங்க வந்தவன். எந்திரி!”

“இங்க பழைய சாமான் ஒண்ணும் இல்ல லா, நாளைக்கு வாங்க...”

“நீதான்டா இருக்க, எந்திரி!”

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கினான். பின்னால் கோயில் கூரையின் தகரம் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தது. தர்மா அதற்குப் பிறகு கேள்வி கேட்கவில்லை.

“குப்புறப் படு. மீன இறுக்கிப் புடிச்சுக்க.”

“இது சாமி லா!”

“படுடா!”

இரண்டு பேர் பாரத்தில் பலகை ஒரு விரல் அளவுதான் சேற்றுக்கு மேல் நின்றது. இருபதடி உந்தினான். முப்பதடி. அடுத்து காலை விட்டபோது அடியில் பிடிமானமே இல்லை. சேறு முழுவதும் நகரத் தொடங்கியிருந்தது. மேலிருந்து புதிதாய் ஒரு மண்சரிவு வந்து சேர்ந்துவிட்டது. பலகை பக்கவாட்டில் திரும்பி, பள்ளத்தோடு கீழ்நோக்கிப் போக ஆரம்பித்தது. உந்தினான்; கால் காற்றில் உதைப்பது போல இருந்தது. இன்னும் ஒரு உந்து உந்தினால் கவிழும்.

துடுப்பை உள்ளே எடுத்து வைத்துவிட்டுப் போனாராம்.

காலைச் சேற்றிலிருந்து பிடுங்கிப் பலகைமேல் இழுத்துக்கொண்டான். தர்மாவின் முதுகின்மேல் அப்படியே கவிழ்ந்து படுத்தான். தன் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு காரியத்தை முழுசாக அடுத்தவர் கையில் விட்டுவிட்டு, “இழுங்க!” என்று கத்தினான்.

கயிற்றில் வசந்தன் மட்டும் இல்லை. அம்சவல்லி இருந்தாள், கிராணி புத்தகத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு இருந்தார், கைக்குழந்தையை விட்டால் லயமே இருந்தது. பலகை சாய்வாக, ஒரு வீட்டு நீளம் கீழே தள்ளி, கரையை இடித்தது. வசந்தன் மார்பளவு சேற்றில் பாய்ந்து தர்மாவின் சட்டையைப் பிடித்தான். திருச்செல்வத்தின் காலரை யாரோ பிடித்தார்கள். கரை ஏறித் திரும்பும்போது கயிறு இன்னும் இழுபட்டுக்கொண்டிருந்தது. பலகையை இப்போது சேறு இழுத்தது. முன்னால் நின்றவர்களின் கால்கள் விளிம்பை நோக்கி வழுக்கின.

“விடாதீங்க!” என்று கத்தினான் திருச்செல்வம். பன்னிரண்டாயிரம் கத்தியது.

“விடுங்க” என்றாள் அம்சவல்லி. முதலில் அவள்தான் கையை விட்டாள்.

கயிறு பாம்பு போலச் சேற்றில் ஓடியது. தோணிச்சாமி தலைமாட்டைத் தூக்கிக்கொண்டு, பதினெட்டுத் தலையோடும் மீசை வைத்த மீனோடும், வளைவில் திரும்பி, ரிங்லெட் ஏரி இருக்கும் திசையில் போனார். சற்று நேரத்தில் மேலே மலை உட்கார்ந்தது. கோயிலும் பாதி லயமும் இருந்த இடத்தில் சிவப்பாய் ஒரு சரிவு மட்டும் இருந்தது. அம்சவல்லி கையெடுத்துக் கும்பிட்டாள். மலையையா, வளைவையா என்று தெரியவில்லை.

எல்லோரும் மறுபடி லோரியில் ஏறினார்கள். ஏறாமல் நின்றது மூன்று பேர்: தர்மா, வசந்தன், திருச்செல்வம்.  பூசணிகள் ஏற்கெனவே உள்ளே கிடந்தன. எல்லோரும் கதையை நினைத்தார்கள். திருச்செல்வமும் நினைத்தான். அவனுக்கு அந்த மூவரில் கடிவாளம் திருடியவன்தான் ஞாபகம் வந்தான்.

“நில்லுங்க” என்று அம்சவல்லி குதித்து இறங்கினாள். மூன்று பூசணிகளையும் உருட்டிக் கீழே இறக்கினாள். தர்மாவை ஏறச் சொன்னாள், வசந்தனை ஏறச் சொன்னாள். திருச்செல்வத்தை முன்னால் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினாள். “இஞ்சின் போடக் கூடாது, நான் சொல்ற வரைக்கும்.” அவளும் ஏறிக்கொண்டாள். பிறகு வெளியே கை நீட்டி, பூசணிகளை ஒவ்வொன்றாக உள்ளே தூக்கினாள். “ம், இப்பப் போலாம்.”

ஃபேக்டரி வாசலில் திருச்செல்வம் வெறுங்காலோடு பின்பலகையின் பக்கம் நின்று, இறங்கியவர்களின் தலையைத் தொட்டுத் தொட்டு எண்ணினான். லாபம், ரெண்டு, மூணு. இருபத்தொன்று.

“சொன்னா சொன்னதுதான்” என்றாள் அம்சவல்லி. “சாமி ஒங்களுக்கு.”

“எங்கக்கா இருக்காரு?”

“ஏரில. போய் எடுத்துக்குங்க.”

“சரக்கு கைக்கு வராம பேரம் முடியாதுக்கா.”

“அதுக்கு நான் என்னா லா பண்றது? வழி தெரிஞ்ச சாமி. வந்தா வருவாரு.”

கிராணி ஈரம் சொட்டும் புத்தகத்தைப் பிரித்தார். பற்கள் பதிந்த அட்டை. முதலிலிருந்து மறுபடி பெயர் கூப்பிட்டார். இந்த முறை ஒவ்வொருவரும் கையைத் தூக்கிக் காட்ட வேண்டும் என்றார். தர்மா இரண்டு கையையும் தூக்கினான். கடைசியில் கிராணி ஒரு கணம் தயங்கிவிட்டு, “தோணிச்சாமி?” என்று கூப்பிட்டார்.

எல்லோரும் வசந்தனைப் பார்த்தார்கள். வசந்தன் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான். யாரும் குரல் கொடுக்கவில்லை.

கிராணி எழுதினார். ஏறியது: டிரைவரோடு ஆள் இருபத்திரண்டு, பூசணி மூன்று, சாமி ஒன்று. இறங்கியது: ஆள் இருபத்திரண்டு, பூசணி மூன்று. வரவேண்டியது: ஒன்று.